மூன்று பத்துக்கு வந்தவர்கள்

கண்டலடித்துறைக் கந்தோருக்குள் நான் மறுபடியும் கால் வைத்தது போன மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடமாகிவிட்டது. கதவில் பூட்டு மட்டும் புதிது. மற்றவையெல்லாம் நான் விட்டுப்போன இடத்திலேயே இருந்தன. வாவியைப் பார்த்த சீட்டு ஜன்னல், அதற்கு நேரே தண்ணீருக்குள் நீளும் பலகை மேடை, மேசைக்குப் பின்னால் கறையானுக்கும் பிடிக்காமல்போன ஒரு தேக்கு அலுமாரி. அலுமாரிக்குள் என் கையால் எழுதிய பதிவுப் புத்தகங்கள்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், என் கையெழுத்தை வாசிக்க உலகத்தில் இரண்டே பேர்தான் இருந்தோம். ஒருத்தி என் மனைவி. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மற்றவன் நான். அதிலும் சில பக்கங்கள் எனக்கே பிடிபடாது.

வாவிக்குக் குறுக்கே பாலம் கட்டும் யோசனை ஒன்று இருக்கிறதாம். இந்தத் துறையால் இதுவரை எத்தனை பேர் கடந்திருக்கிறார்கள் என்று மேலிடம் கேட்டது. பழைய புத்தகங்களை நான் வாசிக்க வேண்டும். பிரஷாந்தி என்ற பிள்ளை கணினியில் ஏற்றுவாள். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், வவுணதீவுப் பக்கத்துப் பிள்ளை. காலையில் பாதையில் வந்து, மாலை நாலரைப் பாதையில் திரும்பிப் போவாள். பாதை என்று நான் சொல்வது நடக்கிற பாதையை அல்ல. இரண்டு வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிறதே, அதற்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். என் காலத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். இப்போது இயந்திரம் பூட்டியிருக்கிறார்கள். அது கயிற்றைவிட மெதுவாகப் போகிறது.

ஒரு காலத்தில் இந்தத் துறையில் ஒரு சட்டம் இருந்தது. கடப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், ஊர், போன திகதியும் நேரமும், வந்த திகதியும் நேரமும். போகும்போது எழுத வேண்டும். திரும்பி வந்து மேடையில் இறங்கியதும் ஜன்னலடிக்கு வந்து பெயரைச் சொல்ல வேண்டும். கிளாக்கர் பார்த்து 'வந்தார்' என்று எழுத வேண்டும். அந்தக் கிளாக்கர் நான்தான். பெயர் கதிர்காமத்தம்பி. முதலை ஒன்று என் குடையைக் கவ்விக்கொண்டு போய், மழை விட்டதும் திருப்பிக் கொண்டுவந்து தந்த கதையைச் சொன்னவன். அதை நம்பியவர்கள் இக்கரையில், எங்கள் எழுவான்கரையில், இன்னும் இருக்கிறார்கள். இப்போது சொல்லப்போகும் இந்தக் கதையை இதுவரை மூன்று பேருக்குச் சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை.

"ஐயா, இது எட்டா, பூச்சியா?" என்று கேட்டாள் பிரஷாந்தி.

"அது எட்டு புள்ள. பூச்சி பக்கத்தில கிடக்கு."

அப்படித்தான் வேலை தொடங்கியது.

மூன்று மணியானதும் நான் எழுந்துவிட்டேன். பழக்கம். வேலை செய்த காலத்தின் கடைசி இருபத்தொன்பது வருடமும் மூன்று மணிக்குப் பிறகு நான் அந்தக் கந்தோரில் இருந்ததில்லை.

"எங்க போறீங்க? நாலரை வரைக்கும் வேலை ஐயா."

இருந்தேன். வெயில் வாவியில் வெள்ளைத் தகடாகக் கிடந்தது. பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது. மேடையில் ஒரு காக்கைகூட இல்லை. திடீரென்று காற்று நின்றது. கண்டல் இலைகள் நின்றன. சேற்று மணத்தோடு வேறொரு மணமும் வந்தது. கஞ்சி போட்ட புதுச் சாரத்தை விரித்து இடுப்பில் கட்டினால் வருமே, அந்த மணம்.

மேடைப் பலகை ஒன்று முனகியது. பிறகு அடுத்தது. பிறகு, கொஞ்சம் கிட்டத்தில், இன்னொன்று.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று பத்து.

சற்றுப் பொறுத்துப் பிரஷாந்தி தண்ணீர்ப் போத்தல் நிரப்ப வெளியே போனவள், வாசலில் நின்று கூப்பிட்டாள். மேடையின் நுனியிலிருந்து சீட்டு ஜன்னல்வரை ஈரச் சுவடுகள். ஒருவருடையவை அல்ல. ஜன்னலுக்கு முன்னால் நின்று, கலைந்து, திரும்பி நுனிக்கே போயிருந்தன. மழை கண்டு மூன்று மாதமாகியிருந்தது.

"நீர்நாய்," என்றேன்.

குனிந்து பார்த்தாள். "செருப்புப் போட்ட நீர்நாயா ஐயா?"

"இப்பத்த நீர்நாயெல்லாம் அப்பிடித்தான் புள்ள."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எண்பத்திரண்டாம் ஆண்டுப் புத்தகம் வந்தது. ஒக்டோபர் பதினான்கு. குரலில் ஒரு மாற்றமும் காட்டாமல் அந்தப் பக்கத்தை வாசித்தேன். நாற்பத்து மூன்று பேர் போனார்கள். நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள். வந்த நேரம், எல்லோருக்கும் மூன்று பத்து.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாதையின் கடைசி வருகை நாலரைக்கு. நானோ மூன்று பத்துக்கு எல்லோருடைய பெயருக்கு நேரேயும் ஒரே இழுப்பாக 'வந்தார், 3.10' என்று எழுதிவிட்டுச் சைக்கிளை எடுத்துவிடுவேன். அன்றைக்கு மட்டுமல்ல, தினமும். நான் எழுதியது மூன்று பத்துக்குப் பொய். நாலரைக்கு எல்லோரும் வந்து சேர்ந்ததும் அது மெய்யாகிவிடும். ஏழு வருடம் அப்படியே ஓடியது. ஒக்டோபர் பதினான்கு அன்று புளியந்தீவில் ஒரு படம் பார்க்கப் போனேன். படத்தின் பெயர் நினைவில்லை. நினைவிருந்தால் இன்னும் கேவலம்.

நான்கு மணிக்குப் பிறகு காற்றோடு மழை அடித்தது. நடு வாவியில் பாதை கவிழ்ந்தது. அந்த மழையில் கரையில் நின்று பார்த்தவர்கள் யாருமில்லை. பாதைக்காரர் இருவரையும் மறுநாள் கண்டலுக்குள் பிணமாக எடுத்தார்கள். மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டித் திறந்திருந்த கிழமை அது. தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கிடைக்கவில்லை. மற்றவர்கள் இருந்தார்கள் என்றே விசாரணையில் ஏறவில்லை. எங்கள் மேலதிகாரியான துரை புத்தகத்தைத் திறந்து பார்த்தார். எல்லோரும் மூன்று பத்துக்கு வந்துவிட்டார்கள். எனவே பாதை வெறுமையாகப் போய்க் கவிழ்ந்தது. கையொப்பம், முத்திரை.

ஏழு பேர் அதில் இருந்தார்கள். ஏழு வீட்டுக்காரரும் வந்து கேட்டார்கள். "வந்திட்டாங்க. புத்தகத்தில இருக்கு. வேற எங்கயும் போயிருப்பாங்க," என்றார் துரை. நான் பக்கத்தில் நின்றேன். வேலை போய்விடும் என்ற பயம். பிறகு, சிறை கிடைக்கும் என்ற பயம். பிறகு பயமே பழகிவிட்டது.

அந்த ஏழு பேரில் ஒருவர் காத்தான்குடி முனாப். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீடு வீடாகச் சாரம் விற்கப் போனவர். வயது இருபத்தொன்பது. அவருடைய மனைவி ஆசியா உம்மாவுக்கு அப்போது இருபத்து நான்கு. புருஷன் இறந்து மௌத்து என்று எழுதியிருந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருந்துவிட்டு, விரும்பினால் வேறு வாழ்க்கை பார்த்திருப்பா. அவவுக்கு அதுவும் இல்லை. புத்தகத்தில் புருஷன் வந்துவிட்டாரே. வந்தவருக்கு எப்படி இத்தா இருப்பது? நாற்பத்து மூன்று வருடமாகத் தினமும் நாலேகாலுக்குத் துறைக்கு வருவா. சீமெந்து வாங்கில் உட்கார்ந்து நாலரைப் பாதையில் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பா. பிறகு எழுந்து போவா. நான் மூன்று மணிக்கே கிளம்பியதன் காரணம் இப்போது விளங்கும்.

புதன்கிழமை புளியந்தீவிலிருந்து மதுரன் வந்தான். இந்தக் கணினி வேலையை எழுதிக் கொடுத்தவன். அதுவரை அவன் எழுதியதற்குள் திகதிகளும் உள்ளேயே எழுதப்பட்டிருந்தன. போன மாதம் முதலாம் திகதியிலிருந்து முப்பத்தோராம் திகதிவரை, அவ்வளவுதான் கேட்கலாம். மேலிடம் வேறு மாதம் கேட்டால் அவன் மோட்டார் சைக்கிளில் வந்து உள்ளே புகுந்து மாற்ற வேண்டும். வந்து வந்து சலித்துப்போய், அன்றைக்குத் திரையில் இரண்டு பெட்டிகள் வைத்துவிட்டான். ஒன்றில் 'இருந்து', மற்றதில் 'வரை'.

"இனி ஆரும் விரும்பின திகதியப் போட்டுக் கேக்கலாம். என்னக் கூப்பிடத் தேவையில்ல."

"விரும்பின திகதியயா?" என்றேன். "அது நல்லதில்ல மனே. கேக்கப்படாத நாளும் இருக்குமே."

"கொம்பியூட்டருக்கு நல்ல நாள், கெட்ட நாள் இல்ல ஐயா."

நேரம் நாலேகாலைத் தாண்டியிருந்தது. வாங்கில் ஆசியா உம்மா. பிரஷாந்திக்கு அவவைத் தெரியும். நாலரைப் பாதைக்குக் காத்திருப்பவர்கள் அவர்கள் இருவருந்தானே. "உம்மா, உள்ளுக்கு வாங்க, வெயிலுக்குள்ள இரிக்காம," என்று கூப்பிட்டாள். உம்மா வந்து நின்று திரையைப் பார்த்தா. வெள்ளை முக்காடு, மெலிந்த கை, கையில் ஒரு பழைய பிரம்புக் கூடை.

"இதுல எந்த நாளக் கேட்டாலும் செல்லுமா மகள்?"

"ஓம் உம்மா."

"எண்பத்திரண்டு. பத்தாம் மாசம் பதினாலு."

பிரஷாந்தி இரண்டு பெட்டியிலும் அந்தத் திகதியையே போட்டாள்.

'பதிவு எதுவும் இல்லை' என்றது திரை.

எனக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"அப்பிடி வராது," என்று மதுரன் குறுக்கே வந்தான். "பதினாலு வரைக்கும் எண்டு போட்டா, பதினாலு தொடங்கின உடன அது நிண்டிரும். அந்தப் பகல் அதுக்குள்ள வராது. 'வரை'யில அடுத்த நாளப் போடணும்."

அவள் அடுத்த நாளைப் போட்டாள். நாற்பத்து மூன்று வரி விழுந்தது.

"ஐயா!" என்றான் மதுரன். "எல்லாரும் மூண்டு பத்துக்கோ வந்தாங்க? இது பாதையா, பிளேனா?"

நான் வாவியைப் பார்த்தேன்.

பிரஷாந்திக்குக் கை சும்மா இருக்கவில்லை. 'வரை'யில் இருபது என்று போட்டாள். நாற்பத்து மூன்றுக்குக் கீழே இன்னும் வரிகள் வந்தன. பதினைந்தாம் திகதி, ஏழு பெயர், மூன்று பத்து. பதினாறாம் திகதி, அதே ஏழு பெயர், மூன்று பத்து. பதினேழு. பதினெட்டு.

"இத நான் அடிக்கல்ல," என்றாள்.

அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பதினைந்திலிருந்து ஒரு மாதம் துறை மூடிக் கிடந்தது. அந்தப் பக்கங்கள் வெள்ளையாகத்தான் இருந்தன.

"எங்கயோ பிழைச்சிட்டு," என்று மதுரன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். 'வரை'யில் அன்றைய திகதிக்கு அடுத்த நாளைப் போட்டான். திரை கொஞ்சம் யோசித்தது. ஏழு பேரும், ஆளுக்குப் பதினையாயிரத்துச் சொச்சம் தடவை வந்திருந்தார்கள். ஒரு நாள் தவறவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த வரி முனாப். இன்று. மூன்று பத்து.

இரண்டாயிரத்துத் தொண்ணூறு என்று போட்டான். தொண்ணூறுவரைக்கும் வந்தார்கள்.

'வரை'யை வெறுமையாக விட்டான்.

"வெறுமையா விட்டா என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"எல்லையில்ல எண்டு எடுத்துக்கொள்ளும்."

வரிகள் ஓடத் தொடங்கின. நிற்கவில்லை. அவன் எதையெதையோ அமத்திப் பார்த்தான். கடைசியில் சுவரில் இருந்த சொருகியைப் பிடுங்கினான். திரை கறுத்த பிறகும் ஒரு வினாடி ஓடியதுபோல எனக்குத் தெரிந்தது. வயதான கண், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

உம்மா மட்டும் அசையாமல் நின்றா.

"எத்தின மணிக்கு எண்டு போட்டிருந்திச்சு மகள்?"

"மூண்டு பத்துக்கு உம்மா."

"நான் வாறது நாலேகாலுக்கு," என்றா உம்மா. யாருக்கும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டா. "ஒவ்வொரு நாளும் அவரு வந்து பாத்திட்டுப் போயிருக்காரு. நான் இல்ல."

வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்கே உம்மா வந்துவிட்டா. கண்ணுக்குச் சுர்மா போட்டிருந்தா. கூடையில் இரண்டு வட்டிலப்பம், வாழையிலையால் மூடியிருந்தது. எனக்கு மூன்று மணிக்கு எழுந்து போய்விடத்தான் மனம். கால் வரவில்லை என்று சொன்னால் வீரம்போல இருக்கும். பிரஷாந்தி என் சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். "என்னத் தனிய விட்டுட்டுப் போகேலாது," என்றாள்.

மூன்று ஐந்து.

மூன்று எட்டு. காற்று நின்றது.

சாரத்தின் கஞ்சி மணம் ஜன்னல் கம்பிக்குள்ளால் வந்து மூக்கில் ஏறியது.

மேடையின் நுனிப் பலகை முனகியது. பலகையில் ஈரம் ஒரு பாத அளவுக்கு விரிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. வெயில் அதன்மேல் விழுந்தும் அது காயவில்லை. ஒரு சோடி, இரண்டு சோடி, நான் எண்ணினேன். ஏழு.

ஆறு சோடி ஜன்னலை நோக்கி வந்தன.

ஒன்று மட்டும் நடுவில் நின்றது.

உம்மா எழுந்து போனா. அந்த ஒரு சோடிச் சுவட்டுக்கு முன்னால் நின்று, தலையை அண்ணாந்து பார்த்தா. முனாப் உயரமான ஆள். ஏதோ பேசினா. எங்களுக்கு அவவின் பக்கம்தான் கேட்டது.

"ஓம்... ஓம்... சாப்பிட்டன்... நான் கிழவியாகிட்டன், என்னத்தப் பாக்கறீங்க..."

ஜன்னலுக்கு வெளியே ஆறு பேர் நின்றார்கள். ஆளைக் காணவில்லை. ஜன்னல் பலகையில் தண்ணீர் சொட்டியது. சொட்டு, சொட்டு, சொட்டு. எனக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்.

சொட்டுவது நின்றது. சுவடுகள் திரும்பின.

உம்மாவும் திரும்பினா. அவற்றோடு.

மேடை முடிகிற இடத்தில் அவவுடைய கால் தயங்கவே இல்லை. அடுத்த அடியைத் தண்ணீருக்குமேல் தூக்கிவிட்டா. பிரஷாந்தி எப்படி ஓடினாள் என்று தெரியாது. இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்து, இருவரும் பலகையில் விழுந்தார்கள். வட்டிலப்பம் இரண்டும் வாவிக்குள் போயின. அவை மிதக்கவுமில்லை, தாழவுமில்லை. யாரோ வாங்கிக்கொண்டதுபோல இல்லாமல் போயின.

"விடு மகள்," என்றா உம்மா. அவவின் முழங்கைவரை ஈரம். வாவியின் ஈரம் அல்ல, ஐஸ்போலக் குளிர்ந்தது. "அவங்களுக்கு ஏறக் கரையில்லையாம். வந்து ஜன்னலடியில பேரைச் செல்றாங்களாம். எழுத ஆளில்லையாம். கிளாக்கர் எங்க, கிளாக்கர் எங்க எண்டு கேட்டுக்கேட்டுத் திரும்பிப் போறாங்களாம்."

என்னைப் பார்த்தா.

"நாளைக்கு நானும் போறன். உடுப்பு எடுத்துக்கொண்டு வாறன் எண்டு செல்லிட்டன்."

பிரஷாந்தியின் கண் கலங்கியிருந்தது. "ஐயா, நாளைக்கு உம்மாவ எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்கேலும்? நீங்க இருந்து அவங்கட பேரை எழுதிவிடுங்களன். எழுதினாப் போயிருவாங்க."

சரியான வழி அதுதான். அந்த ஜன்னலில் உட்கார்ந்து, ஏழு பேரையும் முகத்துக்கு நேரே பார்த்து, பெயர் கேட்டு எழுத வேண்டியதுதான் என் வேலை. நாற்பத்து மூன்று வருடம் சுணங்கிய வேலை. நான் அதைச் செய்யவில்லை. வேறொரு வழி கண்டுபிடித்தேன். கிளாக்கர்மார் எப்போதும் கண்டுபிடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எண்பத்திரண்டாம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்தேன். சிவப்புப் பேனை. ஏழு பெயருக்கு நேரேயும் '3.10' ஐக் குறுக்கே வெட்டினேன். ஓரத்தில் 'வந்ததை நான் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். கணினியிலும் ஏழு வரியைத் திருத்தச் சொன்னேன்.

"வந்த திகதியில என்ன போட?" என்று கேட்டாள் பிரஷாந்தி.

"ஒண்டும் போடாத. வெறுமையா விடு."

விட்டாள். எண்பத்திரண்டு ஒக்டோபர் பதினான்கிலிருந்து அன்றுவரை கேட்டுப் பார்த்தாள். பதினான்காம் திகதிக்கு முப்பத்தாறு பேர். அவ்வளவுதான். பதினைந்தாம் திகதி யாருமில்லை. இரண்டாயிரத்துத் தொண்ணூறுவரை கேட்டாலும் அந்த ஏழு பேரில் ஒருவருமில்லை. எனக்குப் பசித்தது. நாலு நாளுக்குப் பிறகு அன்றுதான் பசித்தது.

இரண்டரைக்கு உம்மா சின்ன உடுப்புப் பையோடு வந்தா. பையின் வாயில் ஒரு புதுச் சாரம் தெரிந்தது. நான் வெளியே போய் வாங்கின் மறு நுனியில் இருந்தேன். சொல்லிவிட்டேன். படம், சைக்கிள், மூன்று பத்து, துரை, எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறொருவருடையதுபோலக் கேட்டது.

உம்மா அழவில்லை.

"தெரியும் கிளாக்கரண்ணன்," என்றா.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு மூண்டரைக்கு நீங்க எங்கட சந்தியால சைக்கிள்ல போனத நான் கண்ட நான். பாட்டும் படிச்சிட்டுப் போனீங்க. பாதை வர முந்தியே கிளாக்கர் போறாரே எண்டு அப்பவே நினைச்சன்."

"பிறகு ஏன் விசாரணையில சொல்லல்ல?"

"செல்லிருந்தா அவரு மௌத்தாயிருப்பாரு." முக்காட்டை இழுத்துவிட்டா. "உங்கட பொய்லதான் அவரு ஹயாத்தா இருந்தாரு. நாப்பத்து மூணு வருசம் அத நான் திண்டன். நீங்களும் திண்டீங்க."

மூன்று பத்து வந்தது. காற்று நிற்கவில்லை. பலகைகள் காய்ந்து கிடந்தன. ஒரு கொக்கு வந்து மேடை நுனியில் நின்று, எங்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டுப் போனது. உம்மா மூன்றரைவரை பார்த்தா. நான்குவரை பார்த்தா. நாலரைப் பாதை வந்து பிரஷாந்தியை ஏற்றிக்கொண்டு போகவும், எழுந்து ஜன்னலடிக்கு வந்தா.

"எழுதுங்க. முனாப், காத்தான்குடி. வரல்ல. பதினாலாந் திகதி பின்னேரம் மௌத்து. அவர்ட பொஞ்சாதி செல்றன், எழுதுங்க."

எழுதினேன். அந்த எழுத்தை இனி நானும் வாசிக்க மாட்டேன்.

"நான் இண்டையில இருந்து இத்தா இருக்கப் போறன். பள்ளிவாசல் லெவ்வையிட்டக் கேட்டா அது எப்பவோ முடிஞ்சிட்டு எண்டுதான் செல்லுவாரு. அவர்ட கணக்கு அவருக்கு. என்ட கணக்கு இண்டையில இருந்து நாலு மாசமும் பத்து நாளும்." வெயிலில் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தா. "என்ட ஆளுக்கு நான் திகதி குடுத்திட்டன். மற்ற ஆறு பேருக்கும் ஆரு குடுக்கிற?"

அந்த ஆறு பேருடைய வீட்டுக்காரரில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் கனடாவில், சிலர் எங்கே என்றே தெரியாது. நானாக எழுதியிருக்கலாம். ஆனால் பார்க்காத ஒன்றை எழுதிப் பட்டது போதும் என்று நினைத்தேன். எனக்கு நேர்மை வருவதற்கு அந்த நாளா கிடைத்தது!

திங்கட்கிழமை பிரஷாந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். முனாப்புக்கு நான் எழுதியதையும் ஏற்றி முதல் கட்ட வேலை முடிந்துவிட்டதாம், மேலிடத்துக்கு அதை ஒரே பட்டியலாக அனுப்ப இரண்டு பெட்டியையும் வெறுமையாக விட்டுக் கேட்டாளாம். "ஐயா, அந்த ஆறு பேரும் பட்டியல்ல எல்லாருக்கும் மேல நிக்காங்க. வந்த திகதி இல்லாதவங்க முதல்ல வாறாங்க எண்டு மதுரன் சொல்றான்."

"வேற என்ன?"

"வேற ஒண்டுமில்ல. நேரம் இல்லாததால, எந்த நேரமும் எண்டு அது எடுத்துக்கொள்ளுமாம்."

அவள் கணினியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். நான்தான் தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்து போய் முன் கதவைப் பூட்டினேன்.

அதற்குமுன் அவர்களுக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் இருந்தன. துறை மேடை, மூன்று பத்து. நான் கொடுத்த நேரம், பொய்யானாலும் ஒரு வேலிபோல நின்றது. அந்த வேலியை நானே சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன். ஜன்னலடியில் கிளாக்கர் இல்லை என்றால், கிளாக்கருக்கு வீடு இருக்குமே. ஊரில் கேட்டால் சொல்லுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு ஒழுங்கை முனையில் ஈரம். புதன்கிழமை மத்தியானம் இரண்டு வீடு தள்ளி, மதிலோரம். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று முறைப்பாடு கொடுத்தாள். ஆட்கள் வந்து தோண்டிப் பார்த்தார்கள். குழாய் நன்றாக இருந்தது.

உம்மா இத்தா இருக்கத் தொடங்கி இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். நல்ல உறக்கம் வருகிறதாம், கனவில்கூட யாரும் வருவதில்லையாம் என்று பிரஷாந்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மழை இன்னும் இல்லை. வீட்டு மேசையில், கந்தோரிலிருந்து எடுத்து வந்த பழைய புத்தகத்தை விரித்து, பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறேன். வந்தால் இந்த முறை பார்த்து எழுதிவிடலாம் என்றுதான். பகல் பதினொன்று இருபது. முன்பென்றால், மூன்று பத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

கஞ்சி மணம் இல்லை. அது முனாப்புடையது, அவர் போய்விட்டார். இது வெறும் சேற்று மணம்.

வாசல் படலையின் கொக்கி கழன்று ஆடுகிறது.

நீர்நாய்க்குக் கொக்கி கழற்றத் தெரியாது.